நஞ்சி உட்கார்ந்த இடம்

அந்தக் காலத்தில் ஆடு பேசும், அணில் பேசும், காலில் ஒட்டுகிற அட்டைகூட "கொஞ்சம் குடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிக்கும். மலையில் வாய் திறக்காதது மூடுபனி ஒன்றுதான். அது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.

அப்போது வரையாட்டுக் கடாவின் முதுகு முழுக்கக் கறுப்பு. இன்றைக்கு நீங்கள் மலையில் பார்க்கிற வெள்ளைத் திட்டு அன்று கிடையாது. எண்ணெய் தடவிய சட்டிபோல மினுமினுவென்று இருக்கும். அந்தத் திட்டு வந்ததற்கு ஒரு பூப் பயணம்தான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், பூவைக் கண்டதும் புத்தியைப் பறக்கவிட்ட பத்துப் பேரும், அவர்களோடு சேர்ந்து கோட்டை விட்ட ஒருத்தியும் காரணம்.

மலையடியில் தொட்டிப்பள்ளம் என்று ஓர் ஊர். ராகியும் சாமையும் விதைத்துப் பிழைக்கிற ஊர். ஆவணி மாதத்தில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற முதல் நாள், அந்த ஊர்க்காரர்கள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மலை ஏறிவிடுவார்கள். எதற்கு? பூப் பார்க்க. பறிக்க அல்ல, சாமிக்குப் போட அல்ல, சும்மா பார்க்க. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "பறிக்காத பூவுக்கு எதுக்கப்பா இத்தனை ஏத்தம்?" என்று சிரிப்பார்கள். தொட்டிப்பள்ளத்தார் பதில் சொல்ல நிற்கவே மாட்டார்கள். அவர்கள் அதற்குள் பாதி மலை ஏறியிருப்பார்கள்.

போகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பல் கொண்டுவர வேண்டும். அது ஊர் வழக்கம். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக்கொள்வார்கள். காட்டுக்குள் போகும்போது அட்டை ஏறாமல் இருக்கக் கணுக்காலில் பூசிக்கொள்ளலாம். ஆனால் சாம்பலின் முக்கியமான வேலை காட்டுக்கு அப்பால்தான் இருந்தது.

காடு முடிகிற இடத்தில் கல்சரிவு தொடங்கும். மலை உச்சி உடைந்து உடைந்து கொட்டிய கற்கள், தலையளவும் தேங்காயளவும் உள்ளங்கையளவுமாக, சரிவு முழுக்கக் கிடக்கும். அதில் காலடித் தடம் பதியாது. ஒடித்து அடையாளம் வைக்க ஒரு மரக்கிளையும் இருக்காது. சரிவின் கீழ் விளிம்பில் தரையே இல்லை, நேரே பள்ளம். பனி இறங்கிவிட்டால் மேலே எது, கீழே எது என்று தெரியாது. அதனால் ஓர் எட்டுக்கு ஒரு சிட்டிகை என்று சாம்பலைக் கல்மேல் தூவிக்கொண்டே போவார்கள். ஈரக் கருங்கல்லில் சாம்பல் ஒட்டிக்கொண்டு வெளுப்பாகத் தெரியும். பனி வந்தாலும் அந்தத் தடத்தைப் பிடித்துத் திரும்பிவிடலாம். சாம்பல் இல்லாமல் கல்சரிவில் கால் வைத்தவர் அதுவரை அந்த ஊரில் யாரும் இல்லை.

அந்தப் பையைச் சுமப்பது நஞ்சியின் வேலை. நஞ்சிக்குப் பிறவியிலேயே வலது கால் சூம்பிப்போயிருந்தது. கால்தான் நடக்காது, வாய் நடக்கிற நடைக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. அவள் புருஷன் திம்மன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு காடு முழுக்க ஏறுவான். அவன் கை இரண்டும் அவளைத் தாங்கியிருப்பதால் சாம்பல் பை அவள் கழுத்தில் தொங்கும்.

காட்டின் விளிம்போடு அவளுடைய பயணம் முடிந்துவிடும். கல்சரிவில் ஒரு ஆளின் கனத்துக்கே கற்கள் நகரும், இரண்டு ஆள் கனம் தாங்காது. கல்யாணமான முதல் வருஷம் திம்மன் வீரமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டு பேரும் பத்து முழம் சறுக்கினார்கள். திம்மனின் முன்பல் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. அதன் பிறகு நஞ்சி விளிம்பில் உட்கார்ந்திருப்பாள், மற்றவர்கள் பையை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

சொல்கிற லட்சணம் இருக்கிறதே! ஒருத்தன் நீலம் என்பான், ஒருத்தி ஊதா என்பாள், இரண்டு பேரும் அங்கேயே சண்டை போடுவார்கள். நஞ்சிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "கண்ணு ரெண்டு இருக்குதல்ல? ஒழுங்காப் பாத்துட்டு வந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்று திட்டுவாள். ஒரே ஒரு தடவை, தன் கண்ணால், கல்லுக்கு நடுவே அந்தப் பூ எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை பதினாறு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. பதினேழாம் நாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. ஊரே குதித்தது. களி உருண்டைகளை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு பதினொரு பேர் கிளம்பினார்கள்.

அடடா, காட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பமாகிவிட்டது! ஓடைக்கரை முழுக்கக் காசித்தும்பை, ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதை முகத்தில் அடிக்கும். நஞ்சியின் தங்கை சின்னாத்தா ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டே வந்தாள். பாசி பிடித்த கிளைகளில் மஞ்சள் பூக்கள் கொத்துக்கொத்தாய்த் தொற்றிக்கொண்டிருந்தன. புதர் மேலெல்லாம் காந்தள், நெருப்புப் பிடித்தாற்போல.

"மெதுவாப் போ மாமா, அந்த மஞ்சப் பூவை நான் இன்னும் பாத்து முடிக்கலை" என்றாள் முதுகிலிருந்த நஞ்சி.

"நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு முதுகு முடிஞ்சுரும் புள்ளே" என்றான் திம்மன். ஆனாலும் நின்றான்.

அப்படி நின்று நின்று காட்டின் விளிம்புக்கு வந்தார்கள். 

கல்சரிவு எங்கே? கல்லே தெரியவில்லை! ஒவ்வொரு கல்லின் இடுக்கிலிருந்தும் பூ. மேல் உச்சியிலிருந்து கீழ்ப் பள்ளம்வரை ஊதாவும் நீலமும் வெள்ளையும் குலுங்கிக் காற்றில் ஆடின. அவர்கள் பிறந்ததிலிருந்து அப்படிப் பூத்துப் பார்த்ததில்லை. சின்னாத்தா "அய்யோ!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தர், அவர் பின்னால் நான்கு பேர். நிதானத்துக்குப் பேர் போன திம்மன்கூட நஞ்சியை மெல்ல இறக்கி உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துர்றேன் புள்ளே, ஒரே எட்டு" என்று ஓடினான்.

சாம்பல் பையை யாரும் கேட்கவில்லை.

நஞ்சியாவது கூப்பிட்டிருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று பையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே போட்டு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் வேறு பிளந்திருந்தது.

உச்சி வேளையில் பனி வந்தது. மலை மேலிருந்து ஒரு வெள்ளை வேட்டி சரிந்து விழுந்தாற்போல வந்தது. பூ மறைந்தது, கல் மறைந்தது, பத்துப் பேரும் மறைந்தார்கள். அப்போதுதான் நஞ்சிக்குத் தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. 

"மாமா! சின்னாத்தா! நின்ன எடத்துலயே நில்லுங்க! ஒரு எட்டு வெக்காதீங்க!" என்று கத்தினாள்.

அவள் குரல் பாறையில் பட்டு நான்கு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. சரிவில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா! எந்தப் பக்கம் இருக்கறே? எல்லாப் பக்கமும் நீயே கூப்புடறயே!" என்று சின்னாத்தா எங்கிருந்தோ அழுதாள்.

யாரோ காலை மாற்றி வைத்தார்கள். ஒரு கல் உருண்டது. கடகடவென்று ஓடியது. பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்துக் கீழே, ரொம்பக் கீழே, டப் என்று கேட்டது.

நஞ்சி பையைப் பல்லில் கவ்விக்கொண்டு இரு கைகளால் தவழ்ந்து கல்சரிவில் இறங்கினாள். மூன்று முழம் போவதற்குள் கற்கள் அவளையும் சேர்த்து இழுத்தன. ஒரு பெரிய கல்லை அணைத்துக்கொண்டு அழுதாள். தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது மேலே குளம்புச் சத்தம். டக், டக், டக். பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய வரையாட்டுக் கடா இறங்கி வந்தது. கல் ஒன்றுகூட அசையவில்லை.

"யாரது என் சரிவுல அழுகறது?" என்றது கடா.

"அண்ணா! நான் தொட்டிப்பள்ளத்து நஞ்சி. என் சனம் பத்துப் பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. வழி காட்டற சாம்பல் எங்கிட்ட இருக்குது, போறதுக்குக் கால்தான் இல்லை. என்னை உங்க முதுகுல ஏத்திக்குங்க அண்ணா!"

கடா இரண்டடி பின்னால் போனது. "முதுகுலயா? அம்மிணி, இந்த முதுகுல ஈ உக்காந்தாலே எனக்கு ஆகாது."

"பள்ளத்துக்குப் பக்கத்துல என் தங்கச்சி நிக்கறா அண்ணா!"

"எனக்கும் வருத்தந்தான். ஆனா கீழ உங்க ஊரை நான் தெனமும் மேலிருந்து பாக்கறேன். கழுதை ஒரு நாள் பாவம்னு ஒருத்தனை ஏத்திக்கிச்சு. இன்னைக்கு அது கழுத்துல கயிறு, முதுகுல மூட்டை. மாடும் அப்படித்தான். இன்னைக்கு நீ ஏறுவே, நாளைக்கு உன் ஊர்க்காரன் கயித்தோட வருவான். என் பிள்ளைகுட்டியெல்லாம் உங்க பொதி சுமக்கணுமா?"

 கடா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து இன்னொரு கல் உருளுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க" என்றாள். "உங்க முதுகுல இன்னைக்கு நான் ஏறறதுதான் முதலும் கடைசியும். எங்க ஆளு ஒருத்தரும் ஏற மாட்டாங்க. நானும் மறுபடி ஏற மாட்டேன். கயித்தோட யாராவது வந்தா மொதல்ல நான் குறுக்க கெடப்பேன்."

"உன் பேச்சை உன் ஊரு கேக்குமா?"

"என் வாயைப் பத்தி நீங்க கேள்விப்பட்டதில்லை போல."

 கடா, வரையாட்டுக் குலத்தில் யாரும் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தது. முன்னங்கால் இரண்டையும் மடித்து முதுகைத் தாழ்த்தியது.

நஞ்சி ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடா எழுந்து ஒரு தாவுத் தாவியது பாருங்கள், அவள் அதன் பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டாள்! ஆனால் கற்கள் நகரவில்லை. எந்தக் கல் நிற்கும், எந்தக் கல் ஓடும் என்று அந்தக் குளம்புகளுக்குத் தெரிந்திருந்தது. ஓர் எட்டுக்கு ஒரு சிட்டிகையாக நஞ்சி சாம்பல் தூவிக்கொண்டே போனாள். கடா மூக்கைத் தூக்கி, "களி வாசம் வருது" என்று சொல்லித் திரும்பும். அங்கே ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார். "சாம்பலைப் புடிச்சுட்டுப் போங்க, ஒரு கல்லும் தாண்டாதீங்க!" என்று நஞ்சி விரட்டுவாள்.

அந்தப் பனியில் இரண்டு முழத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு முழத்தில் பூ இருந்தது! கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, மண்ணே இல்லாத இடத்தில், நூல் மாதிரி ஒரு தண்டு. அதன் நுனியில் ஊதாப் பூ. ஓரத்தில் நீலம். அப்படியானால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான்! பாறைக் கசிவில் அழுகண்ணிச் செடி, இலையெல்லாம் சிவப்பு மயிரும் துளித்துளியாய் நீரும். தண்டு ஒவ்வொன்றும் மேல்பக்கமாய்ச் சாய்ந்து, சரிந்து போகிற கல்லை இழுத்துப் பிடித்தாற்போல நின்றது. இத்தனை பயத்துக்கு நடுவிலும் நஞ்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணா, இத்துனூண்டு வேரை வெச்சுக்கிட்டு எப்படி நிக்குது பாருங்க!" என்று கத்தினாள்.

"நான் தெனமும் பாக்கறேன், தெனமும் திங்கறேன். நீ சாம்பலைத் தூவு" என்றது கடா.

எட்டுப் பேரைக் கண்டுபிடித்தாயிற்று. ஒன்பதாவதாகச் சின்னாத்தா, பள்ளத்து விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் குந்தியிருந்தாள். அக்கா ஆட்டின்மேல் வருவதைப் பார்த்துப் பேயென்று நினைத்து இன்னும் சத்தமாக அலறினாள். ஒரு அதட்டுப் போட்டு அவளையும் தடத்தில் ஏற்றிவிட்டாள் நஞ்சி.

மிச்சம் திம்மன் மட்டும். நஞ்சி தனியாக இருக்கிறாளே என்று பதறி, பனிக்குள் அவளைத் தேடி நடந்து, நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தான். பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் நின்றான். அவன் காலுக்குக் கீழே கற்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டிருந்தன.

"புள்ளே, வராதே!" என்றான்.

"வாயை மூடிட்டு நில்லு மாமா!" என்றாள்.

கடா பின்னால் ஒதுங்கி ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. பாயும்போது தலையை நிமிர்த்தியதில் கொம்பு பின்னால் வந்து பையைக் கிழித்துவிட்டது. சாம்பல் அத்தனையும் அதன் முதுகில் கொட்டியது. பனியில் நனைந்த மயிரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நஞ்சி அதன்மேல் இப்படியும் அப்படியும் புரண்டு, ஒரு கையால் திம்மனின் தலைமுடியைப் பிடித்தாள். மறுகை கடாவின் பிடரியில். கடா பின்னங்காலை ஊன்றி ஏறியது. அவர்கள் ஏறவும், அந்தப் பாறை பெயர்ந்து பள்ளத்தில் போகவும் சரியாக இருந்தது.

திரும்புகிற வழியில், கல் சரிந்து பழைய தடம் அழிந்துபோன இடங்களிலெல்லாம் கடாவின் முதுகிலிருந்தே சாம்பலை வழித்து வழித்துத் தூவினாள். திம்மன் கடாவின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். காட்டின் விளிம்பில் பத்துப் பேரும் ஒன்றுசேர்ந்து, கட்டிப்பிடித்து, அழுது, பிறகு களி உருண்டையைத் தேடினார்கள். எல்லாம் சரிவில் போயிருந்தது.

பனி விலகியது. வெயிலில் கடா நின்ற அழகைத் திம்மன் வாய் பிளந்து பார்த்தான். பயம் போனவுடன் மனுஷனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

"அட, என்ன நடை! என்ன பிடி! அடுத்த ஆவணிக்கு இதுகள்ல ஒரு பத்தைப் புடிச்சுக் கயிறு போட்டுட்டா, நாமெல்லாம் உக்காந்துட்டே பூப் பாத்துட்டு வந்தர்லாமுங்க! உனக்குந்தான் புள்ளே, வருசா வருசம் பாக்கலாம்!"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கொடி ஒன்றை இழுத்து அதன் பலத்தைச் சோதிக்கவே ஆரம்பித்துவிட்டார். கடாவின் காது விறைத்தது. அது நஞ்சியை மட்டும் பார்த்தது.

வருஷா வருஷம். அந்த வார்த்தை நஞ்சியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. ஆம் என்று சொன்னால் போதும். ஒவ்வொரு ஆவணியும் அந்த ஊதாவையும் நீலத்தையும் பார்க்கலாம். கண் கலங்கியது. பிறகு கடாவின் முதுகிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கி, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த முதுகுல எடம் இல்லை" என்றாள்.

"எடம் இல்லையா? இத்தனை பெருசா இருக்குது!"

"கண்ணத் தொறந்து பாரு மாமா. அங்க என்ன வெளுப்பா இருக்குது?"

எல்லோரும் பார்த்தார்கள். கன்னங்கரேல் என்றிருந்த முதுகின் நடுவே, அவள் உட்கார்ந்து அழுத்தித் தேய்த்த அளவுக்கு, வெள்ளையாய் ஒரு திட்டு.

"அது நான் உக்காந்த எடம். உங்க பத்து உசுருக்காக உக்காந்த எடம். அதுல நானே இனி உக்கார மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வேற யாருக்காவது உக்காரணும்னு ஆசை இருந்தா, மொதல்ல என்னை இந்தக் கல்லு மேல உருட்டி விட்டுட்டுப் போங்க."

கொடியை இழுத்துப் பார்த்தவர் அதை நைசாகக் கீழே போட்டார். திம்மன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புத்தான் சாமி" என்று கடாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

கடா சிலிர்த்து உதறியது. சாம்பல் போகவில்லை. பாறைக் குட்டைக்குப் போய்த் தண்ணீரில் தன்னைப் பார்த்தது. நஞ்சிக்குப் பயம், இத்தனை அழகான முதுகைக் கெடுத்துவிட்டோமே என்று.

"கழுவி விடட்டுங்களா அண்ணா?"

கடா இன்னொரு தரம் பார்த்தது. இந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம், அந்தப் பக்கம் திரும்பி ஒரு தரம். "வேண்டாம் அம்மிணி" என்றது. "இது இருக்கட்டும். எடம் நெறஞ்சு போச்சுன்னு தூரத்துலிருந்தே தெரியட்டும்."

சொல்லிவிட்டுப் பூக்களுக்கு நடுவே தாவி ஏறிப் போய்விட்டது. திம்மன் நஞ்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. நீலமா ஊதாவா என்ற வழக்கை அன்றே தீர்த்து வைத்தாள்.

அன்று முதல்தான் வரையாட்டுக் கடா வளர்ந்து, கறுத்து, ஒரு ஆளைத் தாங்குகிற வயது வந்ததும் அதன் முதுகில் சேணம் போட்டாற்போல வெள்ளைத் திட்டு விழுகிறது. மனுஷர் எத்தனையோ பிராணிகளின் மேல் ஏறிப் பார்த்துவிட்டார்கள். வரையாட்டின்மேல் இன்றுவரை ஒருவரும் ஏறவில்லை. அங்கேதான் நஞ்சி உட்கார்ந்திருக்கிறாளே!